தேற்றாங்கொட்டையும் கடல் தண்ணீரும்

விராலிமலையிலிருந்து இலுப்பூர், அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசலுக்குப் போகிறவர்கள் அங்குள்ள குடைவரைக்குள் நுழைந்ததும் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்க்க வேண்டும். அங்கே ஒரு குளம் இருக்கிறது. விதானத்தில் எழுதிய குளம். தாமரையும் அல்லியுமாக மண்டிக் கிடக்கும் அந்தக் குளத்தில் யானைகள் இறங்கியிருக்கின்றன, எருமைகள் நிற்கின்றன, அன்னங்கள் மிதக்கின்றன, பூக்கொய்ய மனிதர்கள் வந்திருக்கிறார்கள். நடுநடுவே மீன்கள். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் இந்தச் சமணக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்கேயுள்ள கல்வெட்டு சொல்கிறது.

ஓவிய ரசிகர்கள் தாமரைத் தண்டின் வளைவைப் பற்றியும் பூக்கொய்பவரின் விரல் அழகைப் பற்றியும் பேசுவார்கள். பேசட்டும். எனக்கு ஆச்சரியம் அளிப்பது வேறு. அந்தக் குளத்திலுள்ள மீன் வாலிலிருந்து வாய் வரையில் முழுசாகத் தெரிகிறது. யானை இறங்கிக் கலக்கியும் தண்ணீர் கலங்கவில்லை! ஓவியனுக்கு அது சுலபம். தண்ணீரை எழுதாமல் விட்டுவிட்டால் போதும், தெளிந்துவிடும். தரையிலே குளம் வைத்திருக்கிறவர்களுக்கு அது அவ்வளவு சுலபமாக இருந்ததில்லை.

புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த சீமை. விராலிமலைப் பக்கத்திலே பாறையும் பொட்டலும் அதிகம். பெரிய ஆறு கிடையாது. ஆகவே மழையாகப் பெய்வதை வழியில் மடக்கித் தேக்கி வைத்தே ஜனங்கள் பிழைத்து வந்தார்கள். பயிருக்குக் கண்மாய், குளிக்கக் குளம், குடிக்க ஊருணி. ஊர் உண்ணும் நீராகையால் ஊருணி. அதிலே காலை நனைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு உண்டு. ஆனால் மழைத் தண்ணீருக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அது வரும்போதே மண்ணைக் கரைத்துக்கொண்டுதான் வரும். புது மழைக்குப் பிறகு ஊருணித் தண்ணீர் பால் விட்ட காப்பியின் நிறத்தில் இருக்கும். பாத்திரத்தில் எடுத்து வைத்தால் மறுநாளும் அப்படியே இருக்கும். மண் என்றால் அடியில் படிந்துவிட வேண்டாமோ? படியாது. நுண்ணிய களிமண்ணுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்தை அடக்க நமது பாட்டிமார் வைத்திருந்த மருந்துதான் தேற்றாங்கொட்டை. பேச்சிலே தேத்தாங்கொட்டை. சட்டைப் பொத்தானைக் கொஞ்சம் பருமனாக்கினாற் போல் இருக்கும் சிறிய விதை. மண்பானையின் உட்புறத்திலோ, ஓர் உரைகல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டோ, அதைச் சந்தனம் போல் உரைப்பார்கள். அந்த விழுதைப் பானைத் தண்ணீரில் கலக்கி மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவார்கள். திரும்பி வந்து திறந்தால் மண்ணெல்லாம் அடியில் வண்டலாய் உட்கார்ந்திருக்கும். மேலே தண்ணீர் பளிங்கு போல் நிற்கும். ஆட்டாமல் அசைக்காமல் மொண்டுகொள்ள வேண்டும்.

இந்த விதையின் குடும்பம் வேடிக்கையானது. எட்டி மரம் இதற்கு அண்ணன் முறை. தாவர நூலார் இரண்டையும் 'ஸ்ட்ரிக்னாஸ்' என்ற ஒரே இனத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். எட்டிக்கொட்டை ஆளைக் கொல்லும் விஷம். தேற்றாங்கொட்டையோ குடிதண்ணீருக்குத் தோழன். லின்னேயஸின் மகன் இதற்கு வைத்த லத்தீன் பெயரின் பொருளே 'குடிப்பவர்களுடையது' என்பதுதான். லத்தீனில் எழுதப்படுவதற்கு வெகு காலம் முன்பே நம்மவர்கள் இதைக் கவிதையில் ஏற்றியாகிவிட்டது. இதற்குப் பழைய தமிழ்ப் பெயர் இல்லம். கலித்தொகையில், பிரிவினால் புத்தி தடுமாறித் திரியும் ஒரு பெண் காதலன் வந்து சேர்ந்ததும் தெளிவு பெறுகிறாள். அதற்கு உவமை, இல்லத்து விதையால் தெளிந்த கலங்கல் நீர். காளிதாசனும் மாளவிகாக்கினிமித்திரத்தில் இதே விதையை உவமைக்கு இழுத்திருக்கிறான். சுசுருதரின் வைத்திய நூலிலும், தண்ணீர் தெளிய வைக்கும் பொருள்களின் வரிசையில் பாசிவேர், துணி, முத்து இவற்றோடு இந்தக் கொட்டையும் இடம் பெற்றிருக்கிறது.

நமது பாஷையில் தேறுதல் என்ற சொல்லுக்கு எத்தனை வேலை என்று எண்ணிப் பாருங்கள். தண்ணீர் தேறும். காய்ச்சலில் கிடந்த உடம்பு தேறும். துக்க வீட்டில் தேறுதல் சொல்வார்கள். பையன் பரீட்சையில் தேறுவான். கலங்குவதற்கும் அப்படியே: குட்டையும் கலங்கும், கண்ணும் கலங்கும், மனமும் கலங்கும். மண் கலந்த தண்ணீரைக் குடித்துப் பல தலைமுறை வாழ்ந்தவர்களுக்குத்தான் இப்படிப் பேச வரும்.

கொட்டை எப்படி வேலை செய்கிறது? களிமண் துகள்கள் ஒவ்வொன்றிலும் ஒரே வகையான மின்சாரம் ஏறியிருக்கிறது. ஆகையால் அவை, ஒரே வீட்டில் பேசாமல் வாழும் பங்காளிகளைப் போல், ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே திரிகின்றன. ஒன்று சேர்ந்தால்தானே கனத்து விழும்? தேற்றாங்கொட்டையில் பிசின் போன்ற சத்தும் புரதமும் உண்டு. அவற்றின் நீண்ட இழைகள் துகள்களை இழுத்துக் கட்டி முடிச்சுப் போட்டுவிடுகின்றன. முடிச்சு கனத்து இறங்குகிறது. சூடான் தேசத்தில் நைல் நதிக் கரைப் பெண்கள் இப்படியே சில விதைகளாலும் மண்வகைகளாலும் ஆற்று நீரைத் தெளிவிப்பதை 1970-களில் ஸாமியா அல் அஸாரியா யான் என்ற ஜெர்மானியப் பெண்மணி ஆராய்ந்து எழுதினார். முருங்கை விதைக்கு இந்தக் குணம் உண்டு என்பதை உலகம் அறிந்துகொண்டது பெரும்பாலும் அவரால்தான். நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் முருங்கை!

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. தெளிந்த தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு. கொட்டை மண்ணை இறக்கும், மண்ணோடு கிருமிகளிலும் ஒரு பங்கை இறக்கும், எல்லாவற்றையும் இறக்காது. படிக்கட்டுக் கிணறுகளிலும் குளங்களிலும் பளிங்குபோல் இருந்த தண்ணீரிலிருந்துதான் நரம்புச் சிலந்தி நம் ஜனங்களின் காலில் ஏறியது. அந்த நோய் இந்தியாவை விட்டு ஒழிந்தது 1996-இல். ஒழிந்தது என்று சான்றிதழ் கிடைத்தது 2000-இல். காலராக் கிருமியை ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரிலேயே கண்டுபிடித்தார். ஏறக்குறைய அதே காலத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் திவானாயிருந்த சேஷையா சாஸ்திரி நகரத்துக் குளங்களைத் தூர் வாரிச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியும் அழுக்கையும் கண்ணுக்குத் தெரியாத அழுக்கையும் பிரித்துப் பார்க்க உலகம் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தது.

இந்த வித்தியாசத்தைப் பற்றி நான் இவ்வளவு யோசிப்பதற்கு விராலிமலையில் ஒரு பாத்திரக் கடை காரணம்.

அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் விரால் மீன் ஞாபகம் வருகிறவர்கள் உண்டு. மீனுக்கும் மலைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. விராலி என்பது ஒரு செடி. அதனால் வந்த பெயர் என்பார்கள். இருந்தாலும் விரால் மீன் ஒரு விதத்தில் இந்தக் கதைக்கு வேண்டியதுதான். அது சேற்றிலும் கலங்கலிலும் சுகமாக வாழும். தண்ணீரில் பிராணவாயு போதாவிட்டால் மேலே வந்து நம்மைப் போலவே காற்றைக் குடித்துவிட்டுப் போகும். பவளப்பாறை மீன்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. முருகனையும் மயில்களையும் பார்க்க மலைக்குப் போயிருந்தபோது, என் கதைகளைப் படிக்கும் அன்பர் ஒருவர் தம் கடைக்கு அழைத்துப் போனார். எவர்சில்வர் அண்டாக்களுக்கு நடுவே நான்கு அடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. கடல் மீன் வளர்ப்பதற்கு! உப்புப் பொட்டலம் வாங்கிக் கரைத்து, பவள மணல் பரப்பி, மோட்டார் வைத்து, மூன்று நாள் ஆகியிருந்தது. தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அதற்குள்ளே ஒரு சிறிய மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிற்று.

"ரெண்டு விட்டேன் சார். நேத்து ஒண்ணு போயிடுச்சு. தண்ணியை ரெண்டு தடவை மாத்திட்டேன். மணலைக்கூட எடுத்து நல்லாக் கழுவிப் போட்டேன். மறுபடியும் வெளுத்துக்கிட்டே வருது" என்றார்.

கல்லாப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார் சிரித்தார். "தேத்தாங்கொட்டையை ஒரு உரசு உரசி விடுறான்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கிறானே. பொழுது விடியறதுக்குள்ள தெளிஞ்சுடும். நீங்களாச்சும் சொல்லுங்கய்யா!"

அந்த அம்மாள் சொன்னதில் அர்த்தமில்லாமலில்லை. நான் ஊர் திரும்பிப் புத்தகங்களைப் புரட்டினேன்.

முதலில் தெரிந்துகொண்ட சமாசாரம் இது: கடல் தண்ணீரில் கரைந்த மண்ணுக்குத் தேற்றாங்கொட்டை வேண்டியதேயில்லை. உப்பே அதற்குக் கொட்டை. உப்பு மிகுந்த நீரில் களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் சக்தியை இழந்து, தாமாகவே சேர்ந்து படிந்துவிடும். சந்தேகமிருந்தால் இரண்டு டம்ளரில் களிமண் கலங்கலை எடுத்துக்கொண்டு ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி உப்பைப் போட்டுப் பாருங்கள். ஆறுகள் கடலில் கலக்கும் இடங்களில் மண்மேடு போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளத்தில் மாதக்கணக்காகச் சுமந்து வந்த மண்ணை ஆறு கடைசியில் உப்பைக் கண்டதும் கீழே போட்டுவிடுகிறது.

பாத்திரக் கடைத் தொட்டியிலும் முதல் நாள் வெண்மையில் ஒரு பங்கு மணல் தூசியும் சரியாகக் கரையாத உப்பும்தான். அவை ஒன்றிரண்டு நாளில் படிந்துவிடக் கூடியவை. மூன்றாம் நாள் வந்த வெண்மை உயிருள்ளது. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டு பெருகும் கலங்கல் அது. மீனுக்குப் போட்ட தீனியும், மீன் கழித்த கழிவும் அவற்றுக்கு விருந்து. தண்ணீரை மாற்றி மணலைக் கழுவினால், படிய ஆரம்பித்த குடித்தனத்தைக் கலைத்துவிட்டு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குவதாக முடியும்.

இதைக் கண்டுபிடிக்க மேல்நாட்டார் பட்ட பாடு ஒரு நாவலுக்குக் காணும். 1832-இல் ஸிஸிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் ழான் வில்ப்ரோ பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி கடல் பிராணிகளை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டிகள் செய்வித்தார். அவருக்குக் கடல் வீட்டு வாசலில் இருந்தது. லண்டனில் இருந்த ஆன் தைன் என்ற சீமாட்டிக்கு அப்படி இல்லை. அவர் 1846-இல் கடற்கரையிலிருந்து பவளப் பூச்சிகளைக் கொண்டுவந்தார். தண்ணீர் கெட்டுப் போகாமலிருக்க ஒரு யுக்தி செய்தார்: திறந்த ஜன்னலருகே நின்று அந்தக் கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றிக்கொண்டே இருப்பது. நம் ஊரில் காப்பி ஆற்றுவது போலத்தான். ஆற்றியது யார் என்கிறீர்கள்? சீமாட்டி அல்ல, அவர் வீட்டு வேலைக்காரப் பெண். தினம் அரைமணிக்கு மேல். லண்டன் பட்டணத்திலே கடல் பிராணிகள் வருஷக்கணக்கில் உயிர் வாழ்ந்தது அந்தப் பெண்ணின் தோள்வலியால். சரித்திரத்தில் அவள் பெயர் இல்லை.

1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், செடி, மீன், நத்தை மூன்றையும் கணக்காக வைத்தால் தண்ணீரை மாற்றாமலே காலம் தள்ளலாம் என்று எடுத்துச் சொன்னார். 1853-இல் லண்டன் மிருகக் காட்சிச் சாலையில் மீன் மாளிகை திறக்கப்பட்டது. பிலிப் ஹென்றி காஸ் மறு வருஷம் எழுதிய புத்தகத்தினால் இங்கிலாந்து முழுதும் பைத்தியம் பிடித்தது. உப்புகளைக் கலந்து செயற்கையாகக் கடல்நீர் செய்யவும் அவர் வழி சொன்னார். அதிலே கவனிக்க வேண்டியது: நீரைக் கலந்த உடனே அவர் பிராணிகளை விடவில்லை. கடற்பாசியைப் போட்டுச் சில நாள் காத்திருந்தார். சாமானியர்களுக்கு அந்தப் பொறுமை ஏது? வெளிச்சம் நல்லது என்று ஜன்னலோரம் வைத்தார்கள். தண்ணீர் பட்டாணிக் கஞ்சியாகப் பச்சை கட்டிற்று. நிறைய மீன் விட்டார்கள், நாறிற்று. சில வருஷங்களில் பல வீடுகளில் தொட்டிகள் காலியாகிவிட்டன.

வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட் ஒருவர் மட்டும் விடவில்லை. புத்தகம் கட்டும் தொழிலிலிருந்து வந்தவர். லண்டனில் கடை வைத்துக் கடல் தண்ணீரையும் கடல் பிராணிகளையும் விற்றார். கடை முறிந்தது. ஆனால் விற்கிற சரக்கைக் கவனித்துப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. பச்சை கட்டிய தண்ணீரை இருட்டில் வைத்தால் தானாகத் தெளிகிறது என்பதைக் கண்டார். காட்சித் தொட்டி சிறிதாக இருக்கட்டும், அதைப் போல் பல மடங்கு தண்ணீரைத் தரைக்கடியில் இருட்டில் வைத்து, இரவு பகலாக இரண்டுக்கும் இடையே ஓடவிட வேண்டும் என்றார். கடல்நீரை மாற்றவே வேண்டாம், பழையதாக ஆக அது நல்லதாகும் என்று அவர் சாதித்தபோது சிரித்தவர்கள் உண்டு. 1864-இல் ஹாம்பர்க் நகரிலும், 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பாலஸிலும் அவர் யோசனைப்படி கட்டினார்கள். ரயிலில் கொண்டுவந்து நிரப்பிய கடல்நீர் அங்கே தெளிந்து நின்றது. ஏன் தெளிந்தது என்பது மட்டும் அவருக்கே தெரியாது.

அதற்கு விடை எதிர்பாராத இடத்தில் கிடைத்தது: சாக்கடையில். 1877-இல் ஷ்லோஸிங், முன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஒரு நீண்ட குழாயில் மணலை நிரப்பி அதன் வழியே சாக்கடை நீரை மெல்ல மெல்லச் சொட்ட விட்டார்கள். கழிவிலுள்ள அம்மோனியா மாறாமல் அப்படியே மறுபுறம் வந்தது. ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. வேறு யாராயிருந்தாலும் குழாயைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். ஏறக்குறைய இருபது நாளைக்குப் பிறகு திடீரென்று அம்மோனியா மறைந்து, அதற்குப் பதிலாக நைட்ரேட் உப்பு வர ஆரம்பித்தது. பிறகு குளோரோஃபாரம் ஆவியை உள்ளே விட்டார்கள்; வேலை நின்றுபோயிற்று. மயக்க மருந்துக்கு மயங்குகிறதென்றால் மணலில் இருப்பது உயிர்தானே! 1890-இல் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். மற்றொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது ஏறக்குறைய சாது. இந்த நைட்ரேட்தான் நம் நாட்டில் மாட்டுத் தொழுவத்து மண்ணைக் கரைத்துக் காய்ச்சி உப்பிலியர்கள் எடுத்த வெடியுப்பு. பெயர் தெரியாமலே இந்தக் கிருமிகளை வேலை வாங்கியிருக்கிறார்கள்.

இவை மந்தமான ஜாதி. தண்ணீரை வெளுக்கச் செய்யும் பாக்டீரியா தீனி கிடைத்தால் அரை மணிக்கொரு தரம் இரட்டிக்கும். இவையோ இரட்டிக்க ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். மிதந்து திரிவதும் இவற்றுக்குப் பிடிக்காது. மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தும். ஆகையால் புதுத் தொட்டியில் வெண்கலங்கல் ஒரு வாரத்தில் போய்த் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆன பிறகும் விஷம் இருந்துகொண்டேயிருக்கும். தெளிந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டு மீனை விடுகிறார்கள். தெளிந்த தண்ணீரில் மீன் சாகிறது.

மனிதர்களே அப்படிச் செத்த கதை ஹாம்பர்க்கில் நடந்தது. லாயிட் 1864-இல் கட்டிக் கொடுத்த மீன் சாலை இருந்த அதே ஊர்தான். கடல் பிராணிகளுக்கு அங்கே சுழற்சி என்ன, இருட்டுத் தொட்டி என்ன! ஊர் ஜனங்களுக்கோ எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குழாயில் விட்டார்கள். 1880-களில் க்ரேப்பெலின் என்ற இயற்கை நூலார் அந்தக் குழாய்களுக்குள் வாழும் பிராணிகளைக் கணக்கெடுத்து ஒரு புத்தகமே எழுதினார். விலாங்கு மீன்கூட இருந்தது. 1892-இல் காலரா வந்தது. சில வாரங்களில் 8,600 பேருக்கு மேல் மாண்டார்கள். ஹாம்பர்க்கை ஒட்டினாற் போல் இருந்த அல்டோனா நகரம் அதே ஆற்றின் கீழ்ப்பக்கத்தில், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த தண்ணீரை எடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் மணல் வடிகட்டியில் மெல்ல இறக்கிக் குடித்தது. எல்லைத் தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் சாவு, எதிர்ப் பக்கத்து வீடுகளில் சுகம். அந்த மணலும் வெறும் சல்லடையல்ல. அதன் மேல் வழவழவென்று ஓர் உயிர்த் தோல் படர வேண்டும். ஜெர்மானியர்கள் அதற்கு 'அழுக்குப் போர்வை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அது படரும் வரையில் வடிகட்டியின் தண்ணீரைக் குடிக்கலாகாது. ஹாம்பர்க் அடுத்த வருஷமே அவசர அவசரமாக மணல் வடிகட்டி கட்டி முடித்தது.

நம் ஊருக்குக் கடல் மீன் தொட்டி வந்தது 1909-இல், சென்னை மெரீனாக் கடற்கரையில். இந்தியாவிலேயே முதலாவது. அதை ஏற்படுத்தியவர் சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன். மியூசியம் பார்க்க வந்தவர்களைப் பிடித்து நிறுத்தி மூக்கையும் தலையையும் அளந்த துரை அவர்தான். தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய அவருடைய ஏழு புத்தகங்கள் வெளிவந்ததும் அதே 1909-இல். மனிதர்களை அளந்ததைக் காட்டிலும் மீன்களைப் பார்த்தது அவருக்குப் பெருமை என்பது என் சொந்த அபிப்பிராயம். மன்னார் வளைகுடாவின் முத்தையும் சங்கையும் பிராணிகளையும் பற்றி அவர் எழுதியது இன்றும் பயன்படுகிறது. அந்தத் தொட்டிகள் ஒரு தலைமுறைக்கு மேல் ஜனங்களை மகிழ்வித்தன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற பீதி எழுந்தபோது மீன் சாலையை மூடினார்கள். 1942-இல் மிருகக் காட்சிச் சாலையில் சிங்கத்தையும் புலியையும் சுட்டுக் கொன்ற அதே பீதிதான்.

பிறகு கடல் மீன் ஆராய்ச்சி மண்டபத்துக்குப் போயிற்று. 1947-இல் ஏற்பட்ட மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் மண்டபம் முகாமில் வேரூன்றியது. முகாம் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை, காலராவும் பிளேக்கும் இல்லை என்று தெரிகிற வரையில் நிறுத்தி வைத்த இடம் அது. புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அங்கே நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இன்றைக்கு அந்தக் கரையை ஒட்டிய கடல் தேசியப் பூங்கா. பவளத்தை எடுப்பது குற்றம். அழகு மீன்களில் சிலவற்றை நிலையத்தார் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். அங்கிருக்கும் விஞ்ஞானிகளும் புதுத் தொட்டியை வாரக்கணக்கில் காய வைக்காமல், மீனும் விடாமல், சும்மா ஓட விட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஷ்லோஸிங்கின் இருபது நாளை யாராலும் இரண்டு நாளாக்க முடியவில்லை.

குறைக்க ஒரு வழி உண்டு. அதை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாலைத் தயிராக்க என்ன செய்வார்கள்? உறை ஊற்றுவார்கள். நன்றாக நடக்கும் பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணலைக் கழுவாமல் கொண்டுவந்து புதுத் தொட்டியில் போட்டால் அதுவே உறைமோர்.

இதையெல்லாம் விராலிமலை அன்பருக்கு எழுதினேன். மிஞ்சியிருந்த மீனை அவர் திருச்சியில் பழைய தொட்டி வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மணல் வாங்கி வந்திருக்கிறார். விளக்கை அணைத்து வைத்திருக்கிறார். தண்ணீரை மாற்றுவதில்லை. கிருமிகள் பட்டினி கிடக்கக் கூடாதல்லவா? தினமும் காலையில் கடை திறந்ததும் காலித் தொட்டியில் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுகிறார். ஆறு வாரம் வரையில் இப்படியே என்று கணக்கு. தண்ணீர் ஒன்பதாம் நாளே தெளிந்துவிட்டதாம். அண்டா வாங்க வருகிறவர்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வெகு நேரம் மீனைத் தேடுகிறார்களாம். கல்லாவின் அருகிலிருந்து தாயார் பதில் சொல்கிறாராம்: "மீனா? அது இனிமேத்தான் வரணும். வராத மீனுக்கு எம் மவன் இப்பவே சோறு போட்டுக்கிட்டிருக்கான்."